சீல் வைத்த டப்பா

சித்தப்பாவுக்குக் காவலாக என்னை அனுப்பியது அம்மா. ஒரு பாட்டில் கலருக்கு என்னை விலைக்கு வாங்கியது சித்தப்பா. இரண்டும் ஒரே நாளில், ஒரு மணி நேர இடைவெளியில் நடந்தன. எனக்கு அப்போது பத்து வயது. ஓர் இடத்தில் உட்காரத் தெரியாத பிள்ளை என்று ஊரில் எனக்குப் பெயர். "இவ கால்ல சக்கரத்தக் கட்டித்தான் பெத்துப் போட்டேன் போல" என்று அம்மாவே அலுத்துக்கொள்வாள். அப்படிப்பட்டவளிடம் ஒரு மனிதரைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொள் என்று சொன்னது அம்மாவின் தப்பா, என் தப்பா என்று இன்றுவரை முடிவாகவில்லை.

திருமங்கலத்திலிருந்து பேரையூர் போகிற பஸ் நின்று நின்று போகும் கரிசல் ஊர்களில் ஒன்று எங்களுடையது. அந்த மார்கழியில் எங்கள் மூன்று ஏக்கர் பருத்தியிலும் காய்ப்புழு விழுந்திருந்தது. பிஞ்சுக் காயைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே பச்சையாக ஒன்று நெளியும். அப்பா காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை புஞ்சைக்குப் போய்விட்டு வருவார். வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கிளம்புவார். கைத்தெளிப்பானால் மூன்று ஏக்கரையும் அடித்து முடிப்பதற்குள் புழு காயையெல்லாம் தின்றுவிடும். முதுகில் மாட்டிக்கொண்டு மருந்தடிக்கும் பெட்ரோல் மெஷின் இருந்தால் ஒரே நாளில் வேலை முடியும். எங்கள் சுற்றுவட்டாரத்தில் அந்த மெஷின் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். ஊர் ஊராகப் போய்க் கூலிக்கு மருந்தடித்துக் குடும்பம் நடத்தியவர். அவர் அப்பாவின் தங்கை புருஷன், எனக்கு மாமா. அவருக்கும் எங்கள் வீட்டுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பெரிதாக ஒன்றுமில்லாத காரணங்களுக்குத்தான் எங்கள் பக்கத்தில் நாலு வருஷம் பேசாமல் இருப்பார்கள். அத்தை மகனுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் முறையில் அப்பா சீர் கொண்டுபோனார். மாமா வீட்டு ஆட்களில் யாரோ தட்டைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்கள். அப்பா போட்ட இலையை விட்டு எழுந்து, கை நனைக்காமல் ஊர் வந்து சேர்ந்தார். என் வீட்டில் கை நனைக்காதவர் வாசலை நான் மிதிக்கமாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். இருவருமே ரோஷத்துக்குக் குறைவில்லாதவர்கள். நடுவில் கிடந்து தவித்தது அத்தைதான். அவள் பிறந்த வீட்டுக்கு வர மாமா தடை சொல்லவில்லையாம். ஆனால் புருஷன் வராத வீட்டுக்குப் பொங்கலும் தீபாவளியுமாகத் தனியே எந்த முகத்தோடு வருவாள்? வராமலே இருந்துவிட்டாள்.

கடைசியில் அம்மா பத்து மாதத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அம்மா அத்தையிடம் பேச, அத்தை மாமாவிடம் பேச, மாமா சுவரைப் பார்த்துப் பதில் சொன்னாராம்: "மிஷினு வரும். நான் வரமாட்டேன்."

அப்படித்தான் மெஷின் எங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வந்தது. அத்தை அதைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் தன் காலுக்கருகே வைத்துக்கொண்டு வந்தாள். இறங்கியதும் முதலில் மெஷினுக்கு அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். பிறகுதான் என்னைக் கட்டிக்கொண்டாள். மாமா சொல்லி அனுப்பியதை, ஒரு சொல் குறையாமல், நின்றபடியே அப்பாவிடம் ஒப்பித்தாள்.

"அண்ணே, பெட்ரோல்ல கலக்குற ஆயிலு பங்குல சீலு வச்ச டப்பாவுல விக்கிறதுதான் வாங்கணுமாம். சில்லறையா ஊத்துறது ஆகாதாம். லிட்டருக்கு மூடியில ரெண்டு மூடி. ஒவ்வொரு தடவ ஊத்தும்போதும் குலுக்கித்தான் ஊத்தணுமாம். அந்த மிஷினுக்கு உசுரே ஆயிலுதான்னாரு."

"வேற என்ன சொன்னாரு?" என்றார் அப்பா.

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மிஷினு போன மாதிரி திரும்பி வந்துச்சுன்னா, பொங்கலுக்கு நானும் வாரேன்னாரு."

அப்பா அன்று இரண்டு தடவை எழுந்து போய், மெஷினைச் சுற்றியிருந்த சாக்கைச் சரி செய்தார். பருத்தி பிழைப்பதும் அத்தை பொங்கலுக்கு வருவதும் அந்தச் சாக்குக்குள்தான் இருக்கிறது என்பது எனக்கே புரிந்தது.

இப்போது சித்தப்பாவைச் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசித் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடேயே இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் சிக்கனம் அவருக்கு ஒரு வியாதி. தீக்குச்சியைப் பிளேடால் நீளவாக்கில் கிழித்து இரண்டாக்குவார். டிக்கெட் காசு ஏறுகிற நிறுத்தத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி நடப்பார். மிச்சம் பிடிப்பது தனக்காக அல்ல. வீட்டில் எல்லாருக்கும் முன்னால் வைத்து, "பாத்தீகளா, எம்புட்டு மிச்சம்" என்று சொல்வதற்காக. அந்த ஒரு நிமிஷத்துக்காக என்ன பாடும் படுவார். திருமங்கலம் போய்ப் பெட்ரோலும் ஆயிலும் வாங்கிவர அப்பா அவரிடம் காசைக் கொடுத்தபோதே அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது. என் காதைப் பிடித்துத் திருகி, "நீயும் போ. சீலு வச்ச டப்பா வாங்குறாரான்னு கண்ணால பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லு" என்று அனுப்பினாள்.

பெட்ரோல் பங்கில் கேனை நிரப்பியதும் சித்தப்பா ஆயிலுக்கு வந்தார். கண்ணாடி அலமாரியில் சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசையாக நின்றன. விலையைக் கேட்டவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுகிற ஆயில் அதைவிட மலிவு. பீப்பாய்க்காரர் ஒரு சொட்டை விரலில் விட, சித்தப்பா நல்லெண்ணெய் வாங்குகிற மாதிரி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார், மோந்து பார்த்தார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். மலிவான அதற்கும் மனசு வரவில்லை.

"ஆயிலு ஆயிலுங்கிறீகளே அண்ணே, இதுவும் ஒரு எண்ணெதான?"

"எண்ணெதான். தாளிக்க முடியாது, அம்புட்டுத்தான்" என்றார் அவர், எரிச்சலோடு.

சித்தப்பா அப்படியே நின்றுவிட்டார். நின்றவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஏதோ நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அவர் கீழே குனிந்து, யாரோ தீர்த்துவிட்டுப் போட்டிருந்த ஒரு காலி டப்பாவை எடுத்து, துண்டால் துடைத்துப் பைக்குள் வைத்தார். பிறகு என் கையைப் பிடித்து நேராகச் சோடாக் கடைக்குக் கூட்டிப்போனார். ஆரஞ்சுக் கலர். ஒரு முழு பாட்டில், தம்பிக்கோ வேறு யாருக்கோ பங்கில்லாமல், என் ஒருத்திக்கு. அதற்கு முன் கல்யாண வீடுகளில் பாதி பாட்டில்தான் குடித்திருக்கிறேன்.

"இந்தா பாரு ஆத்தா" என்றார் சித்தப்பா, நான் பாதியைத் தாண்டிய பிறகு. "ஆயிலு எதுக்கு ஊத்துறாக? உள்ள இரும்பும் இரும்பும் ஒரசித் தேயாம இருக்க. கொழகொழன்னு இருக்கணும், அம்புட்டுத்தான். வெளக்கெண்ணெயவிடக் கொழகொழப்பு ஒலகத்துல எதுல இருக்கு? மாட்டுவண்டி அச்சுக்கு காலங்காலமா வெளக்கெண்ணெதான போடுறோம்? எந்த அச்சாச்சும் தேஞ்சிருக்கா?"

எனக்குத் தெரிந்து தேய்ந்ததில்லை. தலையை ஆட்டினேன்.

"பின்ன? வீட்ல ஒங்கம்மா காச்சி வச்சது ஒரு பானை இருக்கு. வேல முடியட்டும். டப்பாக் காச அண்ணன் முன்னால வச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது."

கலர் வயிற்றுக்குள் போய்விட்டது. இனி வாயைத் திறந்தால் நன்றாயிருக்காது என்று நினைத்தேன். பத்து வயதில் எனக்கு நியாயம் அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அடுப்படியிலிருந்தே, "சீலு வச்சதுதானடி?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். சொன்ன பிறகு என் கால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தேன். தம்பியைத் தூக்கினேன், இறக்கினேன். அத்தை உலை வைத்துக்கொண்டே பொங்கலுக்கு மாமாவுக்கு என்ன பிடிக்கும் என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்க முடியாமல் தெருவுக்கு ஓடினேன். எங்கள் வரப்போரத்து ஆமணக்கு முத்தை வறுத்து, இடித்து, தம்பிக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட அம்மா காய்ச்சி வைத்திருந்த எண்ணெய், சித்தப்பா கையால் அந்த டப்பாவுக்குள் இறங்கியதை நான் ஒருத்திதான் பார்த்திருந்தேன்.

மறுநாள் விடிந்ததும் வேலை தொடங்கியது. சித்தப்பா கேனில் எண்ணெயை மூடிக்கு மூடி அளந்து ஊற்றி, அத்தை பார்க்கும்படி நன்றாகவே குலுக்கினார். மெஷினை முதுகில் மாட்டிக்கொண்டார். அப்பா மெஷினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் மெஷின் பிடித்துக்கொண்டு அலறியது. அத்தை இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். வெள்ளைப் புகை பருத்தி மேல் படிந்தது. ஆனால் அந்தப் புகையில் ஒரு வாசம். பிரசவம் நடந்த வீட்டு வாசம். பக்கத்துப் புஞ்சையில் களையெடுத்தவள் நிமிர்ந்து, "எங்கிட்டுப் பச்சப்பிள்ளயக் குளிப்பாட்டுறாக?" என்று கேட்டாள். அத்தைக்குக் கொஞ்ச நாளாகச் சளி பிடித்திருந்தது. அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பாவோ பூச்சி மருந்தைத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு, அந்த நெடியைத் தவிர வேறெதுவும் ஏறாத மூக்கோடு இருந்தார்.

நான் மெஷினின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். சத்தம் கொஞ்சம் இறங்கினால் என் நெஞ்சு நின்றுவிடும். ஏறினால் மூச்சு வரும். "ஏண்டி இப்பிடி அலையுற, ஒரு எடத்துல உக்காரு" என்று அத்தை இரண்டு தடவை சொன்னாள். உட்கார்ந்தால் சத்தம் நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உச்சிப்பொழுது வரை உட்காரவில்லை. ஒன்றரை ஏக்கர் முடிந்திருந்தது. சித்தப்பா மெஷினை இறக்கி வைத்துக் கஞ்சி குடிக்க வந்தபோது, என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு புத்திசாலியைச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கஞ்சி குடித்து, வேம்படியில் கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்து, சித்தப்பா கேனைத் தூக்கி மெஷினில் ஊற்றினார். குலுக்கவில்லை. கேன் ஒன்றரை மணி நேரமாக ஆடாமல் அசையாமல் நிழலில் நின்றிருந்தது. மெஷின் ஒரே இழுப்பில் கிளம்பியது. இந்தத் தடவை புகையே இல்லை, வாசமும் இல்லை. சத்தம் மட்டும் காலையில் இருந்ததைவிடக் கூர்மையாக இருந்தது. நாலு சால் போயிருப்பார். கிறீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

சித்தப்பா கயிற்றை இழுத்தார், கயிறு வரவில்லை. அப்பா ஓடிவந்து காலை ஊன்றி இழுத்தார், வரவில்லை. அத்தை கழுவிக்கொண்டிருந்த தூக்குவாளியை அப்படியே வைத்துவிட்டு வந்தாள். வரப்பில் உட்கார்ந்து, மெஷினில் ஒட்டியிருந்த கரிசல் மண்ணை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். மண் போன பிறகும் துடைத்தாள்.

"நான் போயிச் சொல்றேன் அண்ணே" என்றாள் கடைசியில்.

"நீ போகக் கூடாது. நான் போறேன்" என்றார் அப்பா.

நாலு வருஷமாக மிதிக்காத வாசலுக்கு அப்பா சைக்கிளில் போனார். சித்தப்பா டப்பாவைக் கொண்டுபோய், புஞ்சை ஓரத்தில் அடுக்கியிருந்த சோளத்தட்டைப் படப்புக்குள் செருகிவிட்டு வந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதுபோல் தொட்டியருகே நின்றார். மாடு எப்போதோ குடித்துவிட்டுப் படுத்திருந்தது. நான் பஸ் நிறுத்தத்துக்கும் புஞ்சைக்கும் எத்தனை தடவை நடந்தேன் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று அத்தை பக்கத்தில் போய் நிற்பேன். அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுவேன். கலர் குடிக்கும் ஆசையே அன்றோடு எனக்குப் போயிற்று.

வெயில் தாழும்போது இரண்டு சைக்கிள் வந்தன. மாமா யாரையும் பார்க்காமல் நேராக மெஷினிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். புகை போகும் வழியில் சுண்டுவிரலை விட்டு எடுத்து, அதையும் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு கேனில் மிச்சம் இருந்ததை ஒரு காலிப் பாட்டிலில் ஊற்றி, இறங்குகிற சூரியனுக்கு எதிரே பிடித்தார். அப்பா சைக்கிளை நிறுத்தப் போயிருந்தார். அத்தை தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பாட்டிலுக்குள் இரண்டு பாகம் இருந்ததை மாமாவும் நானும்தான் பார்த்தோம். மேலே மெல்லிசாகப் பெட்ரோல். கீழே மஞ்சளாக, தடிப்பாக, அசையாமல் விளக்கெண்ணெய்.

"மருமகளே" என்றார் மாமா, பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "என்ன ஆயிலு வாங்குனீக?"

தொட்டியருகே சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டது தெரிந்தது. "சீலு வச்ச டப்பா மாமா. நானே கண்ணால பாத்தேன்" என்றேன்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ பாத்தா சரிதான்" என்றார். பாட்டிலைக் கவிழ்த்து மண்ணில் கொட்டி, குதிகாலால் மேலே மண்ணைத் தள்ளி மிதித்து மூடினார். மனிதர் எவ்வளவு சுத்தக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா வந்து நின்றார். "மாப்ள, என்னன்னு பாத்தீகளா? எங்க பக்கம் தப்புன்னா சொல்லிருங்க."

"தப்பு என்னத்த மச்சான்" என்றார் மாமா, ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே. "உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சுபோச்சு. போன வருசமே மாத்திருக்கணும், நான்தான் இழுத்துக்கிட்டே வந்தேன். எங்க ஓடுனாலும் இன்னிக்கி நின்னிருக்கும். பாதியில நின்னுபோச்சேன்னுதான் எனக்குச் சங்கட்டமா இருக்கு. கைத்தெளிப்பான எடுங்க, மிச்சத்த ஆளுக்கு ஒரு பக்கமா அடிப்போம்."

எனக்கு உயிர் வந்தது. கூடவே மாமாவைப் பற்றி ஓர் ஏளனமும் வந்தது. மெஷின்காரர் மெஷின்காரர் என்று ஊரே சொல்கிறது, எண்ணெய்க்கும் ரிங்குக்கும் வித்தியாசம் தெரியவில்லையே என்று. அவர்கள் அன்று இருட்டும் வரையும், மறுநாள் முழுக்கவும் அடித்தார்கள். முக்கால்வாசிப் பருத்தி பிழைத்தது.

முதல் நாள் ராத்திரியே மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பாவே செம்பைச் சாய்த்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். சீயக்காய் போட்டுத் தேய்த்தும் கையிலிருந்த பிசுக்குப் போகவில்லை. மாமா உள்ளங்கையை மோந்து பார்த்துவிட்டு, அம்மாவின் இடுப்பிலிருந்த தம்பியைப் பார்த்தார். அவன் கன்னத்தில் மெல்ல ஒரு தட்டு தட்டிவிட்டு இலையில் உட்கார்ந்தார். அத்தை கதவுக்குப் பின்னால் நின்று அழுதாள். மெஷின் போய்விட்டதே என்று அழுகிறாள் என்று நினைத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு அத்தையும் மாமாவும் பிள்ளைகளோடு வந்தார்கள். அதற்கப்புறம் எந்தப் பொங்கலும் தவறவில்லை. தீக்குச்சியை இரண்டாகக் கிழிக்கிற சித்தப்பா, அந்த டப்பாக் காசை யார் முன்னாலும் வைக்கவில்லை. அய்யனார் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தார். எப்படியோ எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்றும், அதற்கு நான் சொன்ன பொய்யும் ஒரு காரணம் என்றும் எனக்கு உள்ளூரப் பெருமை.

மெஷின் மாமா வீட்டு மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. பிஸ்டனோடு சேர்த்து மாற்ற வேண்டுமாம். சாமான் வாங்க நாளாகும் என்றாள் அத்தை. அது எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. மெஷினோடேயே பிழைத்தவர், மூன்று பிள்ளைகளை விளக்கெண்ணெய் தேய்த்து வளர்த்தவர், அதை மோந்து பார்த்தும் தெரியாமலா இருந்திருப்பார் என்று கேட்கவும் எனக்கு வயது பத்தவில்லை.

மாசி மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை மதுரைக்குக் கூட்டிப்போனார்கள். பஸ் கப்பலூரைத் தாண்டும்போது, ஒரு கம்பெனி வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஆட்களில் மாமாவைப் பார்த்தேன். இந்த இருக்கையிலிருந்து அந்த இருக்கைக்குத் தாவி, ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா" என்று கத்தினேன். தலையில் மூட்டையோடு அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினார். பக்கத்தில் இருந்தவள் யாரென்று கேட்டாள்.

"எங்க மாமா. முன்ன ஊர் ஊரா மிஷினச் சொமந்துக்கிட்டு அலைவாரு. இப்ப கம்பெனியில வேல கெடச்சிருச்சு" என்றேன், பெருமையாக. அந்த வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தது சித்தப்பாவும் நானும்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.